மூன்று கொட்டேஷன், மூன்று வேறு வேலை: இற்றுப்போன இறவாணப் பலகைக்கு யாரை ஒப்புக்கொள்வது?

கடிதத்தின் சுருக்கம்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பூர்விக வீடு உள்ள ஒரு வாசகி சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். தாத்தா காலத்துச் சீமை ஓட்டு வீடு. கூரை கிழக்கும் மேற்குமாகச் சாய்கிறது. இரண்டு பக்கமும் இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை ஓரம், தலா 40 அடி நீளம். மேற்கே சொந்த முற்றமும் கிணறும், கிழக்கே மூன்றடிச் சந்து, அதைத் தாண்டினால் பக்கத்து வீடு. 74 வயது அம்மா தனியாக இருக்கிறார். கடந்த இரண்டு மழைக்காலமாக இறவாணப் பலகை இற்று உதிர்கிறது. தகர வாய்க்கால் பாதி கழன்று தொங்குகிறது. குரங்குகள் ஓட்டை உடைத்துவிட்டுப் போகின்றன. சந்துப் பக்கம் விழுகிற தண்ணீரால் தன் சுவர் ஓதம் ஏறுகிறது என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சத்தம் போடுகிறார்.

மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். உள்ளூர் ஆசாரி ஒருவர், “பலகை, தகரம் மாற்ற, சாமானோடு 46,000” என்று துண்டுச் சீட்டில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார். திருநெல்வேலிக் காண்ட்ராக்டர் 1,18,000 என்று அச்சடித்த தாளில் கொடுத்தார்: இருக்கிற பலகையின் மேலேயே பிவிசி பலகை அடித்து மூடி, பிவிசி வாய்க்கால் மாட்டுவார், 60 சதவீதம் முன்பணம். மூன்றாமவர் 3,90,000, ஜிஎஸ்டி தனி: ஓட்டையும் மரத்தையும் பிரித்துவிட்டு இரும்புச் சட்டத்தில் கலர் ஷீட் போடுவார், “பழைய சாமானை நாங்களே அப்புறப்படுத்திக்கொள்கிறோம்” என்றும் எழுதியிருக்கிறார். மூன்றாவதையே கொடுத்துத் தொல்லையை முடிக்கலாம் என்கிறார் தம்பி. ஓட்டில் கை வைக்க வேண்டாம் என்கிறார் அம்மா. ஐம்பது வருஷமாகச் சந்தில்தான் தண்ணீர் விழுகிறது, அது எங்கள் பாத்தியம்தானே என்றும் வாசகி கேட்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

46,000, 1,18,000, 3,90,000 என்று மூன்று எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம். இந்த மூன்றும் ஒரே வேலையின் விலை அல்ல. ஒருவர் பலகையை மாற்றுகிறார், ஒருவர் பலகையை மறைக்கிறார், ஒருவர் வீட்டின் கூரையையே மாற்றுகிறார். அதனால் குறைந்த விலைக்காரர் ஏமாற்றுகிறார் என்றோ, கூடின விலை கேட்பவர் நல்ல வேலை செய்வார் என்றோ இதிலிருந்து எதுவும் தெரியாது. என்ன வேலை என்பதை நீங்கள் ஒரு தாளில் எழுதி, அதே தாளை மூவரிடமும் கொடுத்து விலை போடச் சொல்லுங்கள். அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய் முன்பணம் தராதீர்கள்.

அந்தத் தாளை எழுதுவதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். மூன்று கொட்டேஷனிலும் கைமரத்தை, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டத்தை, பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலகை என்பது கைமர நுனிகளில் ஆணி அடித்து நிற்கிற ஒரு மூடிதான். பலகை இரண்டு மழைக்காலம் நனைந்து இற்றிருக்கிறது என்றால், அதன் பின்னால் இருக்கும் கைமரத் தலைகளும் நனைந்திருக்கும். இற்ற நுனியில் புதுப்பலகை அடித்தால் ஆணி பிடிக்காது. அதன் மேல் வாய்க்கால் மாட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள்: 5 அங்குல அகலமும் 4 அங்குல ஆழமும் உள்ள வாய்க்கால் 40 அடி நீளத்துக்கு அடைத்துக்கொண்டு நிறைந்து நின்றால் தண்ணீரின் எடை மட்டும் ஏறத்தாழ 150 கிலோ. இப்போது உங்கள் தகரம் தொங்குவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

முதலில் நாலு அடி பிரித்துப் பாருங்கள்

நம்பிக்கையான ஒரு ஆசாரிக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, சந்துப் பக்கம் நாலு அடி, முற்றத்துப் பக்கம் நாலு அடி, கீழிரண்டு வரிசை ஓட்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். வரிசைக்கு ஆறு ஓடு வரும். பலகையைக் கழற்றி, தெரிகிற கைமரங்களில் கூரான ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரத்தில் நுனி பதிந்து நிற்கும். இற்ற மரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் தானாக இறங்கும். நுனியில் தொடங்கி வீட்டுப் பக்கமாக இரண்டு அங்குலத்துக்கு ஒரு குத்து என்று போனால் எதுவரை கெட்டிருக்கிறது என்பது சாக்பீஸால் கோடு போடும் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். பனஞ்சட்டமாக இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பனையில் வெளிப்பக்கம்தான் வைரம். வெளியே கருங்கல் மாதிரி இருந்துகொண்டு உள்ளே இருக்கும் மென்மையான சோற்றுப் பகுதி உதிர்ந்து கூடாகியிருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தம் காட்டிக் கொடுக்கும்.

எப்படிக் கெட்டிருக்கிறது என்பதையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பலகையின் மேல்விளிம்பு இற்றிருந்தால், கடைசி ஓடு வாய்க்காலுக்குள் போதுமான அளவு நீளவில்லை, தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கமாகத் திரும்பி வருகிறது என்று பொருள். பலகையின் நடுவிலும் கீழ்விளிம்பிலும் இற்றிருந்தால் வாய்க்கால் வழிந்து பின்பக்கம் இறங்கியிருக்கிறது. பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மட்டும் கெட்டிருந்தால் அறுத்த தலைப்புக்கு பெயிண்ட் அடிக்காமல் விட்டிருப்பார்கள். மரம் தண்ணீரைப் பக்கவாட்டில் குடிப்பதைவிட அறுத்த தலைப்பு வழியாகத்தான் அதிகம் குடிக்கும். மண் குழாய் ஓடியிருந்தால் கரையான்; மாவு கொட்டினால் உளு. இந்த இரண்டுக்கும் மருந்து அடிக்காமல் பலகையை மட்டும் மாற்றினால் புது மரத்தைத் தீனியாகக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

காரணம் தெரியாமல் பலகையை மாற்றினால் ஐந்து வருஷத்தில் இதே கடிதத்தை மறுபடியும் எழுதுவீர்கள்.

மூன்று கொட்டேஷனும் என்ன சொல்கின்றன

திருநெல்வேலிக்காரரின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பிவிசி என்ற பொருள் மோசம் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. இற்ற மரத்தின் மேல் அதை அடித்து மூடுவதுதான் தவறு. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புழுங்கும். வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே கைமரம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும். அம்மாவும் கவனிக்க முடியாது, நீங்களும் கவனிக்க முடியாது. ஒரு நாள் ஓட்டு வரிசை சரியும்போதுதான் தெரியும். பலகையை எடுத்துவிட்டு கைமரத்தைச் சரிசெய்து, அதன்பிறகு வாய்க்காலுக்கு மட்டும் பிவிசி போடுகிறேன் என்றால் பேசலாம். அப்போதும் இரண்டு விஷயம் கேளுங்கள். பிடிமானம் இரண்டடிக்கு ஒன்று உண்டா? இணைப்புகளில் நீள்வதற்கு இடம் விடுவாரா? பத்தடி பிவிசி, காலைக்கும் உச்சிவெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால், சுமார் 6 மி.மீ. நீளும். எல்லா இணைப்பையும் பசை போட்டு இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு மூலை விரிசல் விடும். குரங்கு ஏறுகிற வீட்டில் பிவிசி கிளிப்புகள் நிற்பதும் கஷ்டம். உங்கள் வீட்டுக்குத் தகர வாய்க்காலையே நான் சொல்வேன்.

மூன்றாவது கொட்டேஷனில் தம்பி கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: “பழைய சாமானை நாங்களே அப்புறப்படுத்திக்கொள்கிறோம்.” தாத்தா காலத்துக் கூரையில் இருப்பது தேக்கோ வேங்கையோ மருதோ, காய்ந்து முதிர்ந்த மரம். நுனி இரண்டடி இற்றிருந்தாலும் மீதி நீளம் முழுவதும் நல்ல மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய வீட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் அதற்கும் ஓட்டுக்கும் விலை கொடுத்து எடுத்துப் போவார்கள். குப்பை அள்ளுகிற சலுகை மாதிரி எழுதியிருக்கும் அந்த வரி, உங்கள் சொத்தை இலவசமாகக் கேட்கிறது. மூன்றாமவரிடமே போவதென்று முடிவானால்கூட, மரத்தைக் கன அடியிலும் ஓட்டை எண்ணிக்கையிலும் தனியாக விலை போட்டுக் கழிக்கச் சொல்லுங்கள். அத்துடன், ஜிஎஸ்டி தனி என்கிறவரிடம் பதிவு எண் கேளுங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வசூலிக்க முடியாது.

ஷீட் போட்டால் ஒழுகாது என்பது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் ஷீட்டுக்கு அடியில் 74 வயது அம்மா பகல் முழுவதும் இருக்க வேண்டும் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். ஓட்டில் கை வைக்க வேண்டாம் என்கிற அம்மாவின் பேச்சில் நியாயம் இருக்கிறது.

ஆசாரியின் சீட்டு ஒரே வரிதான். ஆனால் கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைக்கிறேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். என்ன மரம், எத்தனை அங்குலம், என்ன கேஜ் தகரம், எத்தனை குழாய் என்பது எதுவும் அதில் இல்லை. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

உங்கள் தாளில் எழுத வேண்டியவை

*பலகை.* 8 அங்குல அகலம், சீவிய பிறகு 1 அங்குலக் கனம், 80 ரன்னிங் அடி. கணக்குப் போட்டால் 4.4 கன அடி. கழிவு சேர்த்து 5 கன அடி. மொத்த மரமே இவ்வளவுதான். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து மரக்கடையில் அன்றைய கன அடி விலையைக் கேட்டு ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்; எந்தக் கொட்டேஷனிலும் மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முடிந்தால் மரத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். காய்ந்த மரம் என்பதை எழுதுங்கள். பச்சை மரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும். மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும், குறிப்பாக அறுத்த தலைப்புகளில் இரண்டு தடவை, பிரைமர் அடித்திருக்க வேண்டும். மாட்டின பிறகு அடித்தால் பின்பக்கம் விட்டுப்போகும். இணைப்பு கைமரத்தின் மேல்தான் வர வேண்டும், இரண்டு கைமரத்துக்கு நடுவில் வரக் கூடாது.

*கைமரம்.* இரண்டடிக்கு ஒன்று என்றால் பக்கத்துக்கு 21, மொத்தம் 42. இதில் எத்தனை கெட்டிருக்கிறது என்று முழுவதும் பிரிக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. அதனால் மொத்தத் தொகையில் இதைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். “ஒரு கைமரத்துக்கு ஒட்டுச் சட்டம் போட இவ்வளவு” என்று ஒற்றை விலை வாங்குங்கள். பிரித்த அன்று எண்ணிப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். ஒட்டு எப்படி என்பதையும் எழுதுங்கள்: இற்ற பகுதியை அறுத்துவிட்டு, அதே அளவுச் சட்டத்தைப் பக்கவாட்டில் சேர்த்து, வெளியே நீளும் நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு உள்ளே ஓடவிட்டு, 12 மி.மீ. போல்ட் மூன்று போட வேண்டும். வெளியே ஒன்றரை அடி என்றால் உள்ளே மூன்றடி. ஆணி மட்டும் அடிக்கிற ஒட்டு வேண்டாம். கைமரத்தைத் தாங்கும் சுவர்மேல் உத்திரம் கெட்டிருந்தால் அது தனி வேலை, அப்போது என்னைப் போன்ற பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் தொடாதீர்கள்.

*வாய்க்கால்.* 22 கேஜ், அதாவது 0.8 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. 24 கேஜ் 0.63 மி.மீ.தான், குரங்கு குதித்தால் நெளிந்துவிடும். நாலடி அகலத் தகட்டை மூன்றாக வெட்டினால் 16 அங்குலப் பட்டை கிடைக்கும். அதில் பின்பக்கம் 6, அடி 5, முன்பக்கம் 4, மடிப்பு 1 என்று வளைக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. வாய்க்கால் என்றைக்காவது அடைக்கத்தான் போகிறது. அடைத்துக்கொண்டால் தண்ணீர் முன்னால் தரையில் கொட்ட வேண்டும், பின்னால் பலகையில் இறங்கக் கூடாது. எட்டுக்கு நாலு தகடு ஒன்றில் 24 அடி வரும். மேலேறு இணைப்பும் சேர்த்து 80 அடிக்கு நாலு தகடு, சுமார் 75 கிலோ. பிடிமானப் பட்டை இரண்டடிக்கு ஒன்று, மொத்தம் 42. பட்டை ஒவ்வொன்றும் கைமரத்தில் திருகப்பட வேண்டும், பலகையில் மட்டும் அல்ல. குரங்குக்காக நாலடிக்கு ஒரு குறுக்குப் பட்டையும் மேலே போடலாம். பத்தடிக்கு அரை அங்குலம் வாட்டம் போதும். நடுவை உயர்த்தி இரண்டு முனைக்கும் வாட்டம் கொடுத்தால் ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு அங்குலம்தான் இறங்கும், பார்க்கவும் கோணலாகத் தெரியாது.

*இறங்கு குழாய்.* உங்கள் வீட்டில் ஒரு பக்கச் சாய்ப்பு தரையளவில் 40க்கு 15, அதாவது 600 சதுர அடி. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் அந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நிமிஷத்துக்குத் தொண்ணூறு லிட்டருக்கு மேல் வரும், ஆறு குடம். அந்த வேகத்து மழைக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று ஏறத்தாழ 460 சதுர அடிக் கூரையைத்தான் தாங்கும். 3 அங்குலக் குழாய் என்றால் 220 சதுர அடிதான். ஆகவே பக்கத்துக்கு இரண்டு 4 அங்குலக் குழாய், மொத்தம் நாலு. ஒரு முனையில் ஒரு மூன்றங்குலக் குழாயை இறக்கிவிட்டுப் போவதுதான் நம் பக்கத்து வழக்கம். வாய்க்கால் வழிவதும் பலகை இற்றுப்போவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த வாய்க்காலும் போதாது. முன்பக்கத்தைத் தாழ்த்தி வைப்பது அந்த நாளுக்காகத்தான்.

*கடைசி ஓடு.* வாய்க்காலுக்குள் இரண்டு அங்குலம் நீள வேண்டும். கடைசி ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) மற்ற ரீப்பர்களைவிட ஒரு ஓட்டுக் கனம் உயர்ந்திருக்க வேண்டும். மற்ற வரிசைகள் கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காரும். கடைசி வரிசைக்குக் கீழே ஓடு இல்லாததால் மூக்குச் சரிந்து, தண்ணீர் அடிப்பக்கமாகத் திரும்பும். அவசரத்தில் மறந்துபோகிற விஷயம் இது.

சந்தும் அண்ணாச்சியும்

ஐம்பது வருஷமாகத் தண்ணீர் விழுகிறது, அது எங்கள் பாத்தியம் என்கிறீர்கள். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, இருபது வருஷம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையாக அனுபவித்து வந்தால் இப்படிப்பட்ட பாத்தியம் பிறக்க இடமுண்டு. ஆனால் அனுமதி கேட்டு அனுபவித்ததா, உரிமையாக அனுபவித்ததா என்பது போன்ற கேள்விகள் எழும். கடைசியில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், இருக்கிற பாத்தியத்தை வைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்குப் புதுச் சுமை ஏற்ற முடியாது. நாற்பது அடி நீளத்துக்குச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை வாய்க்காலில் சேர்த்து ஒரே குழாயில் அவர் சுவரோரம் கொட்டினால், அது பழைய பாத்தியம் ஆகாது. நியாயம் அண்ணாச்சி பக்கம் போய்விடும்.

சந்தில் பாதிதான் உங்களுடையது என்று அப்பா சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரத்தை எடுத்துச் சந்து, சுவர், தண்ணீர் வடியும் பாத்தியம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாதி என்றால் ஒன்றரை அடி. உங்கள் இறவாணம் ஏற்கெனவே சுவரிலிருந்து ஒன்றரை அடி நீள்கிறது என்று அளவு கொடுத்திருக்கிறீர்கள். அதன் வெளியே ஐந்து அங்குல வாய்க்கால் மாட்டினால் ஐந்து அங்குலமும் அவர் பக்கம் போகும். மூன்று கொட்டேஷன்காரர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. வேலை முடிந்த மறுநாள் கழற்றச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தால் பணம் கொடுத்தவர் நீங்கள்தானே.

இதற்கு நான் சொல்கிற வழி: சந்துப் பக்கத்தில் கடைசி ஒரு வரிசை ஓட்டையே குறைத்துவிடுங்கள். சீமை ஓட்டில் ரீப்பர் இடைவெளி சுமார் பன்னிரண்டரை அங்குலம். ஓடு ஒன்றோடொன்று கோத்து உட்காருவதால் பாதி வரிசை குறைக்க வராது, முழு வரிசைதான். சாய்வைக் கழித்தால் தரையளவில் சுமார் பதினொரு அங்குலம் உள்ளே வரும். ஒன்றரை அடியாக இருந்த இறவாணம் ஏழு அங்குலமாகும், வாய்க்காலோடு சேர்த்துப் பன்னிரண்டு. உங்கள் எல்லைக்குள் ஆறு அங்குலம் மிச்சம். கைமரத்தில் இற்றிருப்பது பெரும்பாலும் அந்த நுனிப் பகுதிதான் என்பதால், அறுத்து எறிகிறதோடு பல கைமரங்களுக்கு ஒட்டே தேவைப்படாமல் போகலாம். நீட்டம் குறைவதால் சுவரில் சாரல் கொஞ்சம் கூடுதலாகப் படும். வாய்க்கால் ஒழுங்காக இருக்கும்வரை அது பெரிய பாதகமில்லை; சுண்ணாம்பும் பூச்சும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. ஒரு வரிசை எடுத்தால் அறுபது ஓடு கையில் கிடைக்கும். குரங்கு உடைத்த ஓட்டுக்கு அதையே போட்டுக்கொள்ளலாம். சீமை ஓட்டின் முதுகில் கம்பெனி முத்திரை இருக்கும். ஓடு ஒன்றோடொன்று கோத்து உட்காரும் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு முத்திரை ஓட்டை நடுவில் சொருகினால் சரியாகப் படியாது, அங்கே ஒழுகும். மீதி ஓட்டை வேலைக்காரர் எடுத்துப் போகாமல் முற்றத்தில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

சந்துப் பக்கத்து இரண்டு குழாயையும் உங்கள் சுவரை ஒட்டியே இறக்கி, ஒன்றைத் தெரு வாய்க்காலுக்கும் ஒன்றைப் பின்பக்கம் சுற்றி முற்றத்துக்கும் கொண்டு போகலாம். முற்றத்தில் கிணறு இருக்கிறது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கிணற்றை ஒட்டி ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டுக் குழி எடுத்து அதில் விடுங்கள். ஓட்டிலிருந்து வருகிற முதல் மழைத் தண்ணீரில் குரங்கு, காக்காய் எச்சம் எல்லாம் இருக்கும், அதை வெளியே விட ஒரு மூடி வைக்க வேண்டும். வேலை தொடங்குமுன் இந்த ஏற்பாட்டை ஒரு தாளில் வரைந்து அண்ணாச்சியிடம் அம்மா காட்டட்டும். எதிர்த்து நிற்பார் என்று நினைக்கிறவர், தன் சுவர் காயப்போகிறது என்று தெரிந்தால் சாரம் கட்டச் சந்தில் அவர் பக்கத்திலும் இடம் தருவார். அந்த இடம் இல்லாமல் மூன்றடிச் சந்தில் வேலை நடக்காது.

பணமும் பாதுகாப்பும்

அறுபது சதவீதம் முன்பணம் வழக்கம்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக இருக்கலாம், நீங்கள் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மரமும் தகடும் நீங்களே வாங்கினால் முன்பணத்துக்குக் காரணமே குறைந்துவிடும். ஆள் வந்து சாரம் கட்டிய அன்று 20 சதவீதம், கைமர வேலை முடிந்து போட்டோ வந்ததும் 40, பலகையும் வாய்க்காலும் மாட்டியதும் 30, முதல் நல்ல மழை கழிந்து 10 என்று எழுதிக்கொள்ளுங்கள். கைமரத்தை ஓடு மூடும் முன்பே போட்டோ எடுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மழைக்குக் காத்திராமல் வேலை முடிந்த அன்றே வாய்க்காலில் குடத்தால் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். எங்காவது குளம் கட்டி நின்றால் அந்த இடத்துப் பட்டையை அப்போதே ஏற்றி இறக்கச் சொல்லுங்கள்.

பணத்தை ஜிபே வழியாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு செய்கிற கூரை வேலையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் சேவைதான். குறை இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் கேட்டுப் பார்க்கலாம். துண்டுச் சீட்டில் ஒரு வரி என்றால் அங்கே போய் எதைக் காட்டுவீர்கள்? நீங்கள் எழுதுகிற தாளில் அவர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார சர்வீஸ் ஒயர் இறவாணத்தின் ஓரமாக வருகிறதா என்று கடிதத்தில் இல்லை. வந்தால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அவர்கள் ஆளே அதை அகற்றட்டும். ஆசாரி கையால் ஒதுக்கிக் கட்டுகிற வேலை வேண்டாம். ஈர ஓட்டில் யாரையும் ஏற்றாதீர்கள். சாரமும் இடுப்புப் பெல்ட்டும் கொட்டேஷனில் ஒரு வரியாக இருக்கட்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.

எப்போது தொடங்குவது

உங்கள் பக்கத்தில் ஆனியும் ஆடியும் சாரலும் மேல்காற்றும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. இடையில் ஆவணியும் புரட்டாசியும்தான் கிடைக்கிற இடைவெளி. வேலை ஆட்கள் ஒழுங்காக வந்தால் பத்து, பன்னிரண்டு நாளில் முடிகிற வேலை இது. ஆனால் மரம் வாங்கி, பிரைமர் காய, தகடு வளைக்க என்று முன்னால் இரண்டு வாரம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள், சந்துப் பக்கம் முதலில். தார்ப்பாய் வீட்டிலேயே இருக்கட்டும், நீலத் தார்ப்பாய் 45 அடிக்கு 12 அடி. புரட்டாசி பாதி தாண்டியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் பிரிக்காதீர்கள். தொங்குகிற தகரத்தைக் கழற்றிவிட்டு, உடைந்த ஓட்டை மட்டும் மாற்றி, மாசி வரை பொறுத்திருங்கள். வாய்க்கால் இல்லாத இறவாணம் ஒரு மழைக்காலத்தில் பெரிதாகக் கெடாது. பிரித்துப் போட்ட கூரை ஒரே இரவில் கெட்டுவிடும்.

அந்த நாலடி பிரித்துப் பார்த்த போட்டோக்களையும், கைமரம் என்ன மரம் என்பதையும் அனுப்புங்கள். ஒட்டுப் போட வேண்டிய எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, மூவரும் புதிதாகக் கொடுக்கிற விலையில் எது நியாயம் என்று வரி வரியாகச் சொல்கிறேன்.